சம்பளத் தேதியும் ஓர் அமானிதமே!

(மணியாச்சியில் வணிகர்கள், இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நம் மணியாச்சி ஜங்ஷனில் ரயிலுக்கு நேரம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். தாமதமானால் மைக்கில் அறிவிக்கிறார்கள். நம் கடைச் சம்பளத்துக்கோ நேரமும் இல்லை, அறிவிப்பும் இல்லை! ஒரு பையனைச் சேர்க்கும்போது எவ்வளவு என்று பேசுகிறோம். எப்போது என்று பேசுகிறோமா? "பாக்கி வசூலாகட்டும்" என்கிறோம். பத்தாம் தேதி ஆகிறது, இருபதும் ஆகிறது. காட்டு வேலைக்கு "பருத்தி எடுத்ததும் தருகிறேன்" என்கிறோம். மழை பொய்த்தால் பருத்தி ஏது? கூலி ஏது?

மார்க்கம் என்ன சொல்கிறது? மதீனா மக்கள் விளையப் போகும் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுத்து வந்தார்கள். அளவு, எடை, தவணை எல்லாம் தெரிந்ததாக இருக்கவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நெறிப்படுத்தியது புகாரியில் உள்ளது. அறுவடை முந்தும், பிந்தும். எனவே 'அறுவடை வரை' என்பது தவணையாகாது என்று ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகள் கூறின. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். அறுவடைக் காலம் ஊரறிந்தது. நம் பாக்கி வசூலாகும் நாள் ஊரறிந்ததா? நமக்கே தெரியாதே! வியர்வை உலருமுன் கூலி சேரவேண்டும் என்பதல்லவா நபிமொழி?

நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் 7-ஆம் தேதிக்குள், அதற்கு மேல் 10-ஆம் தேதிக்குள் என்றது. அதன் இடத்தில் 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வாரக் கூலி, வார விடுமுறைக்கு முந்திய வேலை நாளில். தினக்கூலி அன்றன்று வேலை முடியும்போது. வேலையை விட்டு நின்றவருக்கு 2 வேலை நாட்களுக்குள். தீப்பெட்டி ஆபீசுக்கும் இதுதான், நம் மளிகைக் கடைக்கும் இதுதான்.

வணிகச் சகோதரரே! நீங்கள் வட்டி வாங்காதவர். ஆனால் உங்கள் தாமதம் உங்கள் ஊழியரை வட்டிக்காரன் வாசலில் நிறுத்துகிறதே, அதை யோசித்தீர்களா? ரமளானில் கொடுக்கும் ஜகாத் அவருடைய சம்பள பாக்கிக்கு ஈடாகாது. ஜகாத் உங்கள் கடமை. சம்பளம் அவருடைய சொத்து. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை நம்மை நடுங்க வைக்கவேண்டாமா?

இளைஞரே! நீங்களும் வாய்மூடி இருக்காதீர்கள். உள்ளூரோ வளைகுடாவோ, கையெழுத்திடுமுன் தொகையை மட்டும் பார்க்காமல் தேதியையும் பாருங்கள். சம்பளம் வங்கி வழியே போகிறதா என்று அரசே கண்காணிக்கும் முறை அமீரகத்தில் 2009 முதல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் நாளை உங்கள் முறையீட்டுக்குப் பலம்.

குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) தவணையுள்ள கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்வதுதான். எனவே மூன்றே வரி எழுதுங்கள்: எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை மாதக் கணக்கு, எத்தனையாம் தேதி சம்பளம், அன்று விடுமுறையானால் முந்திய நாள். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நீதி கேட்கும் சமுதாயம் முதலில் தன் கல்லாவில் நீதி செய்யட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.