கனவு கலைந்த பிறகு

(புனித லொயோலா இஞ்ஞாசியார் திருவிழாவையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



ஆடி மாதத்தில் காவடி சுமந்து திருத்தணிக்கு நடந்து போகிறவர்களை நம் கனகம்மாசத்திரம் சாலையில் பார்த்திருக்கிறோம். மலை அவர்கள் கண்ணுக்குத் தெரியும் முன்பே மனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் கால் கொப்பளித்தாலும் நடை நிற்பதில்லை.

இதைப் போலவே இன்று நம் பிள்ளைகளுக்கும் பலர் சொல்லித் தருகிறார்கள்: "கண்ணை மூடு. பத்து ஆண்டு கழித்து எப்படி இருப்பாய் என்று மனத்தில் பார். அதுதான் உன் வாழ்வின் நோக்கம்." பிள்ளையும் கண்ணை மூடுகிறது. வீடு தெரிகிறது, கார் தெரிகிறது, வெளிநாட்டு வேலை தெரிகிறது. பெற்றோராகிய நாமும் பிள்ளைக்காக அதையே பார்க்கிறோம். கனவு காண்பது தவறில்லை. ஆனால் எந்தக் கனவு ஆண்டவர் தந்தது, எது பக்கத்து வீட்டைப் பார்த்து வந்தது என்று எப்படி அறிவது?

இஞ்ஞாசியாருக்கும் இதே கேள்வி வந்தது. 1521 மே 20 அன்று ஸ்பெயினின் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் முறிந்தது. லொயோலாவில் தம் வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பொழுதுபோக வீரக்கதைகள் கேட்டார். கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படுத்தபடியே அவர் இரண்டு வகைக் கனவு கண்டார். ஒன்றில், உயர்குலப் பெண் ஒருவர் மெச்சும்படி வீரச்செயல்கள் புரிந்தார். மற்றொன்றில், புனித பிரான்சிசைப் போல, புனித தோமினிக்கைப் போல, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயேசுவைப் பின்தொடர்ந்தார்.

காணும்போது இரண்டுமே இனித்தன. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு போயிற்று. இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. ஒரு நாள் அந்த வேறுபாட்டைக் கவனித்தார். அவர் வாழ்வு அங்கே திரும்பியது. அவரும் தோழர்களும் தொடங்கிய இயேசு சபையிலிருந்து 1542-இல் புனித சவேரியார் கோவாவில் வந்திறங்கினார். அதே சபையின் புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்தினார்.

முடிவெடுக்கத் தவிப்பவர்களுக்கு இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் மூன்று காட்சிகளைத் தருகிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் நம்மிடம் வந்தால் அவருக்கு என்ன சொல்வோம்? சாகும் தறுவாயில் இருந்தால், இன்று எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம்? தீர்ப்பு நாளில் ஆண்டவர் முன் நிற்கும்போது எந்த முடிவு நமக்கு மகிழ்ச்சி தரும்? செவிலியர் படிப்பா, பொறியியலா, துறவறமா, திருமணமா என்று குழம்பும் பிள்ளையோடு உட்கார்ந்து இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பதிலை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

குடும்பக் கடனுக்காகக் கிடைத்த வேலைக்குப் போகிற பிள்ளைகளும் நம் பங்கில் உண்டு. அவர்களுக்கு வாழ்வில் நோக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். தங்கையின் படிப்பையும் அம்மாவின் மருந்தையும் மனத்தில் வைத்து விடியற்காலையில் பேருந்து ஏறுகிறவர் ஆண்டவர் காட்டிய வழியில்தான் போகிறார்.

நம் ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கரின் களைப்பை மனத்தில் பார்க்கிறவர்தான் சத்திரம் கட்டுவார். நம் கனவில் யாருடைய களைப்பு தெரிகிறது? லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்கிறார் இயேசு. கனவுக்கும் விலை உண்டு. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் பத்து நிமிடம் அமைதியாக இருப்போம். நம் கனவை ஆண்டவர் முன் விரித்து வைப்போம். பிறகு கண்ணைத் திறந்து, மனத்தில் மிஞ்சுவது வறட்சியா, அமைதியா என்று கவனிப்போம். ஒரே நாளில் தெரியாவிட்டால் மறுநாளும் உட்காருவோம். இஞ்ஞாசியாருக்கே மாதங்கள் ஆயின.

ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்காக நீர் காணும் கனவை எங்களுக்குக் காட்டும். அதற்குக் குறுக்கே நிற்காத மனத்தையும் தாரும். ஆமென்.