பாக்கி இல்லாத வகுப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிஷம். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று செயலாளருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சாப்பாட்டு மணிக்கு முன்னால் என்னைப் போட்டிருக்கிறார்.

பிரம்மதேசத்தில் நம் சங்கத்தின் சார்பில் மாலை நேர வகுப்பு ஒன்று தொடங்குவதாகப் போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். பத்தாம் வகுப்புக் கணக்கு, ஆங்கிலம், கொஞ்சம் கம்ப்யூட்டர். இடம் பார்த்தாச்சு. இரண்டு ஆசிரியர்களும் கிடைச்சாச்சு. பாக்கி நிற்பது ஒரே கேள்விதான்: பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதா, வேண்டாமா? பிற்பகல் பொதுக்குழுவில் இது ஓட்டுக்கு வருகிறது. ஒரு கட்சி, "ஏழைப் பிள்ளைங்க, இலவசமாவே நடத்துவோம்" என்கிறது. இன்னொரு கட்சி, "சும்மா கொடுத்தா மதிப்பு இருக்காது, எல்லாருக்கும் ஒரே ரேட்டு வைங்க" என்கிறது. நான் அந்த ஊர்க்காரன். இரண்டு கட்சியிலும் எனக்கு நண்பர்கள் உண்டு. ஆனால் என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் நம்ம ஊர். கிழக்கே போகப் போக உப்பளம். மரக்காணத்தில் மட்டும் 3,000 ஏக்கருக்கு மேல் உப்புப் பாத்திகள் இருக்கின்றன. தை பிறந்ததும் பாத்தியை மிதித்துச் சீர் செய்து, உப்புநீர் பாய்ச்சி, வெயில் ஏற ஏற உப்பு வாருவார்கள். ஐப்பசி மழை இறங்கினால் தொழில் நின்றது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்த வீடுகளில் கூலி கிடையாது. புதுவைப் பக்கம் விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கோ கஷ்ட காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வயல் வேலைக்குப் போகிறவருக்கு நடவும் அறுப்பும்தான் காசு. இதே ஊரில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற வாத்தியார் வீடும் உண்டு, கடைக்காரர் வீடும் உண்டு.

இத்தனை வீட்டுக்கும் ஒரே கட்டணம், அதுவும் மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் என்றால் அது எப்படிச் சமமாகும்? மார்ச் மாதம் 200 ரூபாய் என்பது ஒரு தாய்க்குக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பணம். அதே 200 ரூபாய் நவம்பரில் வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிற பணம்.

எங்கள் தெருவில் உப்பளத்துக்குப் போகிற ஒரு அம்மா. மகள் கெட்டிக்காரி. பக்கத்தில் ஒரு டியூஷனில் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் பார்த்தால் அந்தப் பெண் வீட்டில் இருக்கிறாள். "ஏம்மா நின்னுட்டா?" என்று கேட்டேன். "பீஸு பெருசா இல்லீங்க சார். மூணு மாசம் பாக்கி நின்னுபோச்சு. தை மாசம் கட்டிடலாம்னுதான் இருந்தேன். பாக்கி இருக்கறவங்க எழுந்து நில்லுங்கன்னு சொன்னாங்களாம். அன்னியிலேருந்து போவமாட்டேங்குது" என்றார்.

நான் பார்த்தவரை, கட்டணத்தினால் படிப்பை விடுகிற பிள்ளைகளைவிடப் பாக்கியினால் விடுகிற பிள்ளைகள் அதிகம். தொகை சின்னதாக இருக்கும். அவமானம் பெரிதாக இருக்கும். உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத மழை மாதங்களுக்கென்று 5,000 ரூபாய் நிவாரணம் தருவதாகத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. அந்த மூன்று மாதம் வெறும் மாதம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. நம் ரசீதுப் புத்தகமும் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

"அப்படியானால் இலவசமாகவே நடத்தலாமே" என்பீர்கள். நம் பக்கத்தில் அதற்கும் உதாரணம் உண்டு. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த பிறகு, அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்டது நம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். பிள்ளைகள் காசு கட்டவில்லை. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையை அரசு கொடுத்தது. அதற்கும் முன்னால் போனால், நம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 340 மாணவர், 14 ஆசிரியர், அவர்களுக்கு நாள்தோறும் நெல். (அதன் பக்கத்திலும் ஒரு பிரம்மதேசம் உண்டு; அது வேறு, நம்ம ஊர் வேறு.) ஆனால் அது வேதம் படித்தவர்களுக்கான கல்லூரி. உழுதவன் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஆக, இலவசம் என்றால் பின்னால் ஒரு ராஜாவோ சர்க்காரோ நிற்க வேண்டும். நாம் ராஜாவா? நம் சங்கத்தின் சந்தா நிலவரத்தைப் பொருளாளர் சொல்வார்.

நம் பாட்டன்மார் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு ராஜா யாருமில்லை. 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். வந்த கணக்கு 12,498 பள்ளி. மாணவர் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். 1826இல் அவர் எழுதிய குறிப்பில், பிள்ளைகள் மாதம் 4 அணாவிலிருந்து 6, 8 அணா வரை கொடுத்ததாகச் சொல்கிறார். நெல்லாகக் கொடுத்த வீடுகளும் உண்டு. சரஸ்வதி பூஜை சமயத்தில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிப் போய் வாத்தியாருக்குக் காசு சேர்த்ததும் உண்டு. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளையும் ஏற முடியவில்லை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் இருக்கிறவர் இருக்கிறபடி கொடுத்து ஒரு பள்ளியை நடத்தலாம் என்பது நமக்குப் புதிதல்ல.

"இஷ்டப்பட்டதைக் கட்டுங்கன்னா எல்லாரும் கம்மியாத்தானே கட்டுவாங்க சார்?" நியாயமான சந்தேகம்தான். அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். 2003இல் நம் பக்கத்துப் புதுச்சேரிக்கும் வந்தது. பணம் கட்டுகிற பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு. எதில் போவது என்று வருகிறவரே முடிவு செய்கிறார். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. கட்டுகிறவர் பணம் கட்டாதவர் கண்ணுக்கும் சேர்த்து உதவுகிறது. அவ்வளவு தூரம் எதற்கு, நம் கல்யாண வீட்டு மொய்யைப் பாருங்கள். யாராவது சம்பளச் சீட்டைப் பார்த்தா மொய் எழுதுகிறோம்? அவரவர் சக்திக்கு எழுதுகிறார்கள். மைக்கில் பேர் படிக்கிற பழக்கத்தை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம்.

இனி கணக்கு. 40 பிள்ளைகள். ஆசிரியர் மதிப்பூதியம், வாடகை, கரண்டு எல்லாம் சேர்த்து மாதம் 8,000 ரூபாய் என்று வையுங்கள். தலைக்கு 200. நான் சொல்வது மூன்று படி: 100, 200, 400. எது முடியுமோ அதைப் பெற்றோரே சொல்லட்டும். உத்தேசமாக 15 பேர் 100, 17 பேர் 200, 8 பேர் 400 என்றால் வரவு 8,100. செலவு போக 100 மிச்சம். 100 ரூபாய்ப் படியில் இருக்கிற 15 பேருக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதம் கட்டணமே இல்லை என்று வைப்போம். அந்த மாதங்களில் வரவு 6,600. மாதம் 1,400 குறையும். மூன்று மாதத்துக்கு 4,200. மற்ற ஒன்பது மாத மிச்சம் 900ஐக் கழித்தால், சங்கம் போட வேண்டியது வருஷத்துக்கு 3,300 ரூபாய். முழுக்க இலவசம் என்றால் 96,000. படகுக்காரர் வீட்டுக்குத் தடைக்கால மாதங்களை விட்டுக் கொடுத்தாலும், 10,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் தாராளமாகப் போதும். இன்று சாயங்காலம் குரூப் போட்டோவுக்கு நிற்கிறவர்கள் தலைக்கு ஒரு நூறு கொடுத்தாலே சேர்ந்துவிடும்.

நடத்துகிற முறையில் நான்கு விஷயம் கேட்கிறேன். முதலாவது, எந்தப் படி என்பது பெற்றோருக்கும் கணக்குப் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்தால் போதும், ஆசிரியருக்குக்கூட வேண்டாம். இரண்டாவது, எல்லாருக்கும் ஒரே நிற ரசீது. மூன்றாவது, எந்த மாதம் கட்ட முடியாது என்பதைச் சேரும்போதே அவர்கள் சொல்லலாம். அந்த மாதத்துக்குக் கட்டணம் இல்லை என்று எழுத வேண்டும், பாக்கி என்று எழுதக்கூடாது. நான்காவது, நடுவில் வீட்டு நிலைமை மாறினால் படியும் மாறலாம், ஏறவும் இறங்கவும்.

கொஞ்சமாவது வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. "வாரா வாரம் வாத்தியார் லேட்டா வர்றாரே, நாங்க காசு கட்டலியா?" என்று உப்பளத்து அம்மா ஒருத்தி நம் சங்கத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். நூறு ரூபாய் கட்டியவருக்கும் நானூறு ரூபாய் கட்டியவருக்கும் அந்த உரிமை ஒன்றுதான்.

பிற்பகல் ஓட்டெடுப்பில் இதை மூன்றாவது தீர்மானமாக வைக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். மணியும் அடிக்கப் போகிறது.