குளிர்ந்த நீரும் ஒரு புன்னகையும்



கார்த்திகை பிறந்துவிட்டால், சுப்ஹு வேளையில் நம் பள்ளிவாசல் ஹவுளருகே ஒரு காட்சியைக் காணலாம். பாங்கு கேட்டு வந்தவர், நீரில் விரல் நுனியை நனைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார். பக்கத்திலிருப்பவர் தொடங்கட்டும் என்று அவர் காத்திருக்க, பக்கத்திலிருப்பவரும் அதற்காகவே காத்திருப்பார்! சிரமமான நிலையிலும் ஒளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழித்துத் தகுதிகளை உயர்த்தும் என நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அந்த நடுக்கத்திற்கே கூலி உண்டென்றால் முகம் சுளிப்பானேன்?

ஆயினும் மார்க்கம் நம்மை வதைப்பதன்று. பயணத்தில் குளிரோ மழையோ மிகுந்த இரவுகளில், அவரவர் இருப்பிடத்திலேயே தொழுமாறு பாங்குடன் அறிவிக்கச் செய்தவர்களும் அண்ணலாரே. வெந்நீருக்கும் தடையில்லை. ஆனால், அவ்வெந்நீர் சற்றே தாமதித்ததற்காக இல்லாளைக் கடிந்துகொண்டு, அதே நாவோடு தக்பீர் கட்ட வருகிறோமே! (இதைச் சொல்பவனும் அவ்வாறு வந்ததுண்டு.)

வாகனம் கேட்டு வந்த ஒருவரிடம், ஒட்டகக் குட்டியொன்றைத் தருவதாக நபியவர்கள் கூறினார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஒரு தாய் ஒட்டகத்தின் குட்டிதானே என்று கேட்டார்கள் அண்ணலார். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. நாளை சுப்ஹுக்கு முன் நாமே அடுப்பில் நீரை வைத்துவிட்டு, இதை வீட்டாரிடம் சொல்வோம். சொல்லி முடிப்பதற்குள் நீர் சூடாகியிருக்கும்.