முற்றத்தில் மீளும் மொழி

(நாஞ்சில் நாட்டில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இம்மண்ணில் நின்று பேசுகின்ற எவர்க்கும் 1954ஆம் ஆண்டு நினைவுக்கு வராமற் போகாது. அவ்வாண்டு ஆகத்து 11ஆம் நாள், தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டுமெனக் கிளர்ந்தெழுந்த தமிழர் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் குண்டுகளுக்கு இரையாயினர். அடுத்த திங்களே, குழந்தைகளுக்கெனப் பாடிய தேரூர்க் கவிமணி கண்மூடினார். அதே ஆண்டில்தான் மொழிஞாயிறு பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலை வெளியிட்டார்.

வேர்ச்சொல் ஆய்ந்த பேரறிஞர், சிறுவர் ஆட்டங்களை ஏன் தொகுத்தெழுதினார்? எனக்குத் தோன்றும் விடை இதுதான்: மொழி ஏட்டில் வாழ்வதினும் மிகுதியாகக் குழந்தையின் ஆட்டத்தில் வாழ்கின்றது.

1956 நவம்பர் முதல் நாள் நம் மண் மீண்டது. மொழி மீண்டதா?

அண்மையில் உறவினர் ஒருவர் இல்லம் சென்றிருந்தேன். பாட்டி பல்லாங்குழியை எடுத்து வைத்தார். ஏழு அகவைப் பேத்தி எதிரில் அமர்ந்து 'ஒன், டூ, திரீ' எனக் காய்களை எண்ணினாள். "உனக்குப் பதினேழு" என்றார் பாட்டி. குழந்தை விழித்தாள், தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் அதனை ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழ் வீட்டில், பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்! ஆங்கிலத்தைக் கற்க வேண்டா என்று யான் சொல்லவில்லை. அது பாடமாக இருக்கட்டும். பாட்டியைப் பிரிக்கும் சுவராக இருத்தல் வேண்டா.

இச்சுவரை இடிக்கப் பணம் வேண்டுவதில்லை; நாள்தோறும் அரைமணி நேரம் போதும்.

முதலாவது, பல்லாங்குழி. பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்தாக எழுபது காய். புளியங்கொட்டையோ மஞ்சாடியோ போதும். பலகை இல்லையேல் தரையில் வரைந்து கொள்ளுங்கள். எக்குழியில் எடுத்தால் எக்குழியில் முடியும் என்று குழந்தை முன்கூட்டியே கணக்கிடும்; கூட்டலும் கழித்தலும் அடியின்றி அச்சமின்றி மனத்தில் பதியும். கட்டளை ஒன்றே: எண்ணுவது தமிழில். எழுதத் தெரிந்த குழந்தை ௧, ௨, ௩ என்று தமிழெண்ணில் கணக்கெழுதட்டும். கால், அரைக்கால், மாகாணி என்னும் பின்னங்களைக் கருப்புக்கட்டியை நான்காய், எட்டாய், பதினாறாய் உடைத்துக் காட்டுங்கள். தின்ற கணக்கு மறவாது!

இரண்டாவது, ஆடுபுலி. மூன்று புலி, பதினைந்து ஆடு. தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டும். இடைவெளியின்றி அணிவகுத்த ஆடுகள் புலியையே அடைத்துவிடும். ஒற்றுமையைப் பற்றி ஒருமணி நேரம் நாம் சொற்பொழிவாற்றுவதைவிட இக்கட்டம் தெளிவாகச் சொல்லும்.

மூன்றாவது, எழுத்து வேட்டை. ஓர் எழுத்தைச் சொல்லுங்கள். அதில் தொடங்கும் சொற்களைக் குழந்தைகள் எழுதட்டும். க, த, ம எனின் பக்கம் நிரம்பும். பிறகு ட, ர, ல என்று கொடுங்கள். டம்ளர், ரேடியோ, லாரி என்று வரும். "இவையெல்லாம் ஏன் வேற்றுச் சொற்களாகவே வருகின்றன?" என வினவுங்கள். இவ்வெழுத்துகள் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பிய நெறி. அந்நூலைக் கேட்டு ஒப்பிய ஆசான் நம் அதங்கோட்டினர் என்று கருதப்படுவதையும் அப்போது சொல்லுங்கள். குவளை, வானொலி, சரக்குந்து என மாற்றுச்சொல் கண்டவர்க்கு இரட்டை மதிப்பெண்.

நான்காவது, விடுகதை. தொல்காப்பியர் இதனைப் 'பிசி' என்றார். பழையன சொல்வதோடு நில்லாமல், வீட்டுப் பொருள்களை வைத்துப் புதியன புனையச் செய்யுங்கள். "வாய் பதினான்கு, பல் ஒன்றுமில்லை, விழுங்கியதெல்லாம் திருப்பித் தரும்" என்று யான் அவ்வீட்டுக் குழந்தைக்குச் சொன்னேன். சற்று எண்ணிப் பார்த்துவிட்டு எதிரிலிருந்த பல்லாங்குழியைத் தட்டிச் சிரித்தாள்.

தோழர்களே, நம்மீதும் ஒரு குறையுண்டு. மேடையில் சொல்லாக்கம் பேசுகின்றோம். வீடு திரும்பியதும் குழந்தையின் கையில் ஒரு திரையைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடுகின்றோம். குழந்தையிடம் வாராத தூயதமிழ் நம்மோடே முடிந்துபோகும்.

அன்று மாலை யான் விடைபெறும்போது நான்காம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. "பாட்டி, எனக்குப் பதினொன்று; உங்களுக்கு ஒன்பதுதான்!" என்று பேத்தி கூவினாள். தோற்ற பாட்டியின் முகத்தில் அத்துணை மகிழ்ச்சி! இடையிலிருந்த தாய் அடுக்களைக்குள் சென்றுவிட்டிருந்தாள். மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கவில்லை.

இன்றிரவே உங்கள் வீட்டிலும் காய்களைப் பரப்புங்கள். மண்ணை மீட்டவர் குருதி கொடுத்தனர். மொழியை மீட்க நம்மிடம் கேட்கப்படுவது அரைமணி நேரமே. வெல்க தமிழ்!