அடங்கலில் ஏறாத இழப்பு

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



வறட்சியைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறீர்கள். வறட்சி என்றவுடன் கண்மாய், கிணறு, பயிர், கடன் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை எங்களைக் காட்டிலும் நன்கு அறிந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஆகவே நாங்கள் வேறொன்றைக் கூற விரும்புகிறோம். கோடை வறட்சியில், சிறு குழந்தைகள் உள்ள ஒரு வீட்டின் அன்றாட வாழ்க்கை எவ்வாறு நடக்கிறது, அதில் ஊராட்சி செய்யக்கூடியது யாது என்பதே எங்கள் பேச்சு. அந்த வீடு வேறு யாருடையதும் அன்று, எங்களுடையதுதான்.

நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி விவசாயிகள். புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, ஐப்பசி மழையை நம்பி வானத்தைப் பார்த்திருப்பவர்கள். நெல் கைவிட்டாலும் மிளகாய் கைகொடுக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. 2016ஆம் ஆண்டில் இரண்டும் கைவிட்டன. தமிழ்நாட்டிற்கு வடகிழக்குப் பருவத்தில் வழக்கமாகக் கிடைப்பது சுமார் 440 மில்லிமீட்டர் மழை. அவ்வாண்டு கிடைத்ததோ 170 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதாவது நூற்றுக்கு 62 பங்கு பற்றாக்குறை. 2017 ஜனவரி 10ஆம் நாள், அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்தார். எத்தனை ஏக்கர் விதைத்தோம், எத்தனை ஏக்கர் கருகிற்று என்பதெல்லாம் ஏட்டில் ஏறின. அவர் தம் கடமையைச் செய்தார்; நாங்களும் கேட்டதற்கெல்லாம் விடை கூறினோம். ஆனால் அதே சமயத்தில் எங்கள் வீட்டிற்குள் இரண்டு இழப்புகளும் ஒரு பேரபாயமும் உருவாகிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவை சொல்லத்தக்கவை என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது ஆறு பேர். நாங்கள் இருவர், அம்மா, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், பதினொரு மாதக் கைக்குழந்தை. ஊருணி மாசி மாதத்திலேயே வற்றிவிட்டது. ஊர்க்கிணற்று நீர் உவராகிவிட்டது. குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் வேண்டுமானால், இரண்டு கிலோமீட்டர் தொலைவில் சாலையோரம் இருந்த கூட்டுக் குடிநீர்க் குழாய்க்குத்தான் செல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு தள்ளுவண்டி உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். எட்டுக் குடங்களை அடுக்கி அந்த வண்டியைத் தள்ளிச் சென்றவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். பயிர்ச் சேதத்தைப் பற்றி மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஆண்கள். இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

குடம் ஒன்றுக்குச் சுமார் 15 லிட்டர். எட்டுக் குடம் என்றால் 120 லிட்டர். ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 20 லிட்டர். பேரிடர் முகாம்களில் இருப்போருக்கு உலக அளவில் வகுக்கப்பட்டுள்ள குறைந்த அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். 2019இல் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம் ஊரக மக்களுக்கு வகுத்த அளவு 55 லிட்டர். அந்தக் கணக்கின்படி எங்கள் வீட்டுக்கு 330 லிட்டர், அதாவது 22 குடம் வேண்டும். வெள்ளத்தில் வீடிழந்து முகாமில் தங்கியவர்களின் நிலைக்குச் சற்றே மேலாக, சொந்த வீட்டில் நாங்கள் வாழ்ந்தோம்.

தண்ணீர் குறைவு என்பதைவிட, அது வரும் நேரம் தெரியாமையே பெருந்துன்பம். குழாயில் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு நீர் வரும்; மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு வரும். ஆகவே இருட்டிலேயே சென்று வரிசையில் குடத்தை வைத்துக் காத்திருக்க வேண்டும். தாய் குழாயடியில் நிற்கிறாள். தந்தை கரிமூட்ட வேலைக்குச் சென்றுவிட்டான். பாட்டிக்குக் கண் மங்கல். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? ஒன்பது வயது மகள்தான். இவ்வாறு தை மாதம் தொடங்கிப் பள்ளி ஆண்டுவிடுமுறை விடும்வரை, அவள் 27 நாள்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. ஆசிரியர் சொல்லி அனுப்பிய பிறகுதான் அந்த எண்ணிக்கையே எங்களுக்குத் தெரிந்தது. வகுத்தல் கணக்கு அந்த நாள்களில்தான் கற்பிக்கப்பட்டதாம். அதைத் திருத்திக்கொள்ள அவளுக்குப் பின்னர் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கருகிய பயிரை அடுத்த மழையில் மீண்டும் விதைத்தோம். தவறிய பாடத்தை அவ்வளவு எளிதாக விதைக்க முடியவில்லை. இது முதல் இழப்பு.

இரண்டாவது, கைக்குழந்தையின் உடல்நலம். தீவனம் கிடைக்காமையால் பங்குனியில் பால்மாட்டை விற்றோம். குழந்தைகளுக்கென்று எடுத்துவைத்த பாலும் அதனுடன் சந்தைக்குப் போய்விட்டது. தண்ணீரைச் சிக்கனம் செய்யவேண்டும் என்று எண்ணி, முதலில் எதைக் குறைத்தோம் தெரியுமா? கை கழுவுவதைக் குறைத்தோம். குடிநீர்ப் பானையில் நான்கு வயதுச் சிறுவன் கையை விட்டு மொண்டான். சித்திரை பிறந்தவுடன் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. இரண்டே நாள்களில் கண் குழிந்துவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை, சிறுநீரும் நின்றது. துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் பார்த்தவுடன், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்தவாறே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். பிள்ளை பிழைத்தது.

அன்று அந்தச் செவிலியர் கூறியவற்றை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரிக்காமல், முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தூய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். மருத்துவ அலுவலர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றுவிட்டாலும் 14 நாள்கள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கடுங்கோடையிலும் தாய்ப்பால் ஒன்றே போதும்; நாவறளும் என்று தண்ணீர் கொடுப்பது நோயை அழைப்பதாகும். ஆனால், பால் கொடுக்கும் தாய் போதிய நீர் அருந்த வேண்டும். வீட்டில் எல்லோரும் குடித்தபின் மிஞ்சுவதைக் குடிப்பவளாக அவள் இருக்கலாகாது. கண் குழிதல், துவளுதல், சிறுநீர் நிற்றல் ஆகிய குறிகளைக் கண்டால், ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இறுதியாக அவர் கூறினார்: “எல்லாத் தண்ணீரிலும் சிக்கனம் செய்யுங்கள், அம்மா, சோப்புப் போட்டுக் கை கழுவும் தண்ணீரில் மட்டும் செய்யாதீர்கள்.” அகப்பை இட்டு மொண்டு, பானையை மூடிவைக்கும் பழக்கம் அன்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

இனி, அந்தப் பேரபாயத்தைக் கூறுகிறோம். நகையை அடகுவைத்து, வீட்டுக்கொல்லையில் 300 அடிக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டினோம். கிடைத்தது உப்பு நீர். போட்ட பணத்தில் சிறிதாவது மீளட்டும் என்று மேற்குழாயைப் பிடுங்கி விற்றோம். துளையின்மேல் ஒரு சாக்கையும் கல்லையும் வைத்துவிட்டு, கவலையில் அதை மறந்தும் போனோம். ஒருநாள் பிற்பகலில், நான்கு வயது மகன் அந்தக் கல்லைப் புரட்டிவிட்டு, துளையின் விளிம்பில் குந்தி, கூழாங்கற்களை ஒவ்வொன்றாய்ப் போட்டு ஓசை கேட்டுக்கொண்டிருந்தான். கண் மங்கிய அம்மா அந்த ஓசையைக் கேட்டுத்தான் எழுந்து சென்று அவனைத் தூக்கினார். அன்று மாலையே கல்லும் மண்ணும் இட்டு அடியிலிருந்து தரைமட்டம்வரை துளையை நிரப்பினோம். 2019 அக்டோபரில், திருச்சி மாவட்டத்தில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையை மீட்க நான்கு நாள்கள் போராடியும் உயிருடன் எடுக்க முடியவில்லை என்ற செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் யாரும் உணவு கொள்ளவில்லை. அக்குழந்தைக்கும் எங்கள் மகனுக்கும் இடையே இருந்த வேறுபாடு, பாட்டியின் செவி ஒன்றே.

அன்பர்களே, எங்கள் துன்பத்தை எடுத்துரைப்பதற்காக இவற்றைக் கூறவில்லை. இந்த மூன்றில் எதுவும் மழையின்மையால் மட்டும் நேர்ந்ததன்று. மழையை நாம் வரவழைக்க இயலாது. ஆனால் தண்ணீர் வரும் நேரத்தை அறிவிக்கலாம், துளையை மூடலாம், பள்ளி வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். இவை ஊராட்சியின் கைக்கு எட்டியவை.

எங்கள் ஊரிலேயே அது நடந்தது. அவ்வாண்டு மே முதல் நாள், குழாயடிக்குச் செல்லும் பெண்கள் ஒன்றுகூடித் தங்கள் குறையை ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைத்தனர். அவர்கள் கூடுதல் தண்ணீர் கேட்கவில்லை. “எத்தனை மணிக்கு வரும் என்று முதல்நாள் மாலையில் சொல்லிவிடுங்கள், போதும்” என்றுதான் கேட்டார்கள். குழாயைத் திறப்பவருடன் பேசி, காலை ஆறு மணி என்று நேரம் வரையறுக்கப்பட்டது. மாறுவதாயின் முந்தின மாலையே தண்டோரா மூலம் தெரிவிக்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீடுகளுக்கு வரிசையில் முதலிடம் தரப்பட்டது. இதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை. தண்ணீர் ஒரு குடமும் கூடவில்லை. ஆயினும், ஒவ்வொரு தாய்க்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் திரும்பக் கிடைத்தது.

இந்த அனுபவத்தைக் கொண்டு, ஊராட்சிப் பொறுப்பில் இருப்போருக்கு ஐந்து யோசனைகளைப் பணிவுடன் கூறுகிறோம்.

முதலாவது, குழாயாயினும் லாரியாயினும் தண்ணீர் வரும் நேரத்தை முன்கூட்டி அறிவித்தல் வேண்டும்.

இரண்டாவது, மாசி பிறக்குமுன்பே, சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உள்ள வீடுகளின் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளரிடம் பெற்று, தண்ணீர் வரிசைக்கு அதனையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குத் தரும் சத்துமாவைப் பிசையவும் தூய நீர் வேண்டும் அல்லவா? எனவே அங்கன்வாடிக்கும் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கும் உரிய தண்ணீரை முதலில் வைத்த பிறகே மற்றவர்களுக்குப் பங்கிட வேண்டும்.

மூன்றாவது, வறட்சிக் காலத்தில் பெண்கள் கூட்டமாகச் செல்லும் வேலைத்தலங்களில் நிழலும், குடிநீரும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருத்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமே, ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வேலைத்தலத்துக்கு வந்தால், அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று வகுத்தது. எந்தத் திட்டத்தின்கீழ் வேலை நடந்தாலும் இந்நெறியைக் கைவிடலாகாது.

நான்காவது, ஊரில் வற்றிப்போன ஆழ்துளைக் கிணறுகளை எண்ணி, மூடச் செய்தல் வேண்டும். கைவிட்ட துளைகளை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும் என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டுள்ளது. வறட்சி ஆண்டில் புதுத்துளைகள் பெருகும். அவற்றில் பல பொய்க்கும். பொய்த்தவை திறந்தே கிடக்கும். ஆகவே இந்தக் கணக்கெடுப்பும் வறட்சிப் பணியே.

ஐந்தாவது, மாதந்தோறும் தலைமையாசிரியரிடம், “இம்மாதம் தண்ணீரால் பள்ளிக்கு வராத பிள்ளைகள் யார்?” என்று கேட்டல் வேண்டும். இந்த ஒரு கேள்வியை எங்கள் ஊரில் தை மாதமே யாரேனும் கேட்டிருந்தால், எங்கள் மகளின் 27 நாள்கள் ஏழு நாள்களாகக் குறைந்திருக்கக்கூடும்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஆம் நாளிலும் கிராமசபை கூட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. கோடையின் கடுமை தொடங்குமுன் வருகிற நாள் அது. அன்றைய கூட்டத்தில் ஏக்கர்க் கணக்கோடு குழந்தைகளின் கணக்கும் படிக்கப்படட்டும். பயிரின் சேதம் அடங்கலில் ஏறுகிறது. அதற்கு நிவாரணமும் கோருகிறோம். பிள்ளையின் சேதம் எந்த அடங்கலிலும் ஏறுவதில்லை. அதனால்தான் அதை வருமுன் காக்கவேண்டிய கடமை நமக்கு இரட்டிப்பாகிறது.

2017 ஐப்பசியில் எங்கள் ஊரில் மழை பெய்தது. ஆடியிலேயே தூர்வாரி வைத்திருந்த ஊருணி நிரம்பிற்று. அன்று கைக்குழந்தையாய் இருந்த பிள்ளை, இன்று பள்ளிவிட்டு வந்ததும் அதன் படிக்கட்டில்தான் விளையாடுகிறது. தள்ளுவண்டி இன்னும் கொல்லையில் இருக்கிறது. மீண்டும் ஒரு வறட்சி வருமாயின் அதைத் தள்ள நாங்கள் ஆண்களும் செல்வோம் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த வாக்கை உங்கள் முன்னிலையிலும் கூறி அமைகிறோம்.