ஹர்கெய்சாவின் மிக் விமானம்



சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவில், ஊர் நடுவே ஒரு பீடத்தின் மீது பழைய மிக் போர் விமானம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1988இல் அந்த நகரத்தின் மீது குண்டு வீசிய விமானப்படையின் விமானம் அது. வீசியது அயல்நாடு அன்று, சோமாலியாவின் சொந்த அரசு. விமானங்கள் மேலெழுந்ததும் அதே ஊரின் விமான நிலையத்திலிருந்துதான். விமானத்தைச் செய்து கொடுத்தது சோவியத் ஒன்றியம். அந்த ஆண்டுகளில் அந்த அரசுக்கு உதவி வந்ததோ அமெரிக்காவிடமிருந்து. வல்லரசுப் போட்டி என்று நாம் பேசப்போவது அந்தப் பீடத்தின் மீது நிற்கிறது.

இத்தகைய போர்களைப் பினாமிப் போர் என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. பினாமி தன் பெயரை மட்டும் கொடுப்பவர், சொத்து வேறொருவருடையது. எத்தியோப்பியாவில் சோமாலியர் வாழும் ஒகாடன் பகுதிக்காகச் சோமாலியா நடத்திய சண்டை அப்படிப்பட்டதா?

வழக்கு பழையது. 1897இல் பிரிட்டனும் எத்தியோப்பியாவும் எல்லை பேசிக்கொண்டபோது, அந்த மண்ணில் ஒட்டகம் மேய்த்த சோமாலியரை யாரும் கேட்கவில்லை. 1960இல் விடுதலை பெற்ற சோமாலியாவின் கொடியில் இருந்த ஐந்து முனை நட்சத்திரம், சோமாலியர் வாழும் ஐந்து நிலப்பகுதிகளைக் குறித்தது. அவற்றில் மூன்று எல்லைக்கு வெளியே கிடந்தன. குடியேற்ற ஆட்சிக்கால எல்லைகளை மதிப்போம் என்று 1964இல் கெய்ரோவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு முடிவெடுத்தபோது சோமாலியா அதை ஏற்கவில்லை. இதில் மாஸ்கோவுக்கோ வாஷிங்டனுக்கோ பங்கு ஏதும் இல்லை.

அவர்களின் பங்கு ஆயுதத்தில் தொடங்கியது. அஸ்மராவில் காக்னியூ தகவல்தொடர்பு நிலையத்தை நடத்துவதற்காக அமெரிக்கா 1953இல் பேரரசர் ஹைலே செலாசியுடன் உடன்படிக்கை செய்து, அவருடைய படையை வளர்த்தது. எதிர்ப்பக்கம் சோவியத் ஒன்றியம் 1963 முதல் சோமாலியப் படையை உருவாக்கியது. கைமாறாக பெர்பெரா துறைமுகம் கிடைத்தது. 1974இல் பேரரசர் வீழ்ந்து, ராணுவக் குழுவான தெர்க் ஆட்சிக்கு வந்ததும் கணக்கு மாறியது. செயற்கைக்கோள்கள் வந்தபின் காக்னியூவின் மதிப்பும் முன்னமே குறைந்துவிட்டிருந்தது. 1977 ஏப்ரலில் தெர்க்கின் தலைவர் மெங்கிஸ்து அந்த நிலையத்தை மூடச் சொன்னார், மே மாதம் மாஸ்கோ சென்றார்.

அதற்குச் சற்று முன், மார்ச்சில், ஃபிடல் காஸ்ட்ரோ ஏடனில் மெங்கிஸ்துவையும் சோமாலிய ஆட்சியாளர் சியாத் பாரேயையும் ஒன்றாக உட்காரவைத்து, இரு நாடுகளும் ஒரே கூட்டாட்சியாகலாம் என்று பேசிப் பார்த்தார். பாரே இணங்கவில்லை. ஒகாடனுக்குள் நுழைய வேண்டாம் என்று சோவியத் தலைவர்களும் தடுத்தார்கள். அவர் ஜூலையில் படையை அனுப்பினார். பினாமி என்ற சொல் இந்த இடத்தில்தான் உடைகிறது. எஜமானர் வேண்டாம் என்று சொன்ன போரைத் தொடங்கியவரைப் பினாமி என்பது எப்படி?

செப்டம்பரில் ஒகாடனின் ஜிஜிகா நகரம் சோமாலியர் கையில் விழுந்தது. நவம்பர் 13 அன்று பாரே சோவியத் நட்புடன்படிக்கையைக் கிழித்தெறிந்து, ஆலோசகர்களை வெளியேற்றினார். அமெரிக்கா கைகொடுக்கும் என்று நம்பினார், அப்போது அது நடக்கவில்லை. அந்த மாத இறுதியிலிருந்து ஏறத்தாழ நூறு கோடி டாலர் மதிப்புள்ள சோவியத் தளவாடங்கள் எத்தியோப்பியாவுக்கு வந்து இறங்கின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கியூப வீரர்கள் வந்தனர். ஜெனரல் பெட்ரோவ் என்ற சோவியத் தளபதி வழிநடத்தினார். சோவியத் அணியில் சேர்ந்துவிட்ட எத்தியோப்பியாவின் விமானிகள், அமெரிக்க எஃப்-5 விமானங்களில் பறந்து, சோமாலியாவின் சோவியத் மிக் விமானங்களை வீழ்த்தினார்கள். 1978 மார்ச் 5 அன்று ஜிஜிகா மீட்கப்பட்டது. நான்காம் நாள் பாரே படையைத் திரும்ப அழைத்தார்.

போர் முடிந்தது என்று நம் பாடநூல்கள் இங்கே அத்தியாயத்தை மூடுகின்றன. எனக்கு இதற்குப் பின் நடந்ததே முக்கியம். தோற்ற ஆட்சி சாதாரணமாகத் தன் மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும், வரி கேட்க வேண்டும், குலத் தலைவர்களோடு சமாதானம் பேச வேண்டும். பாரேவுக்கு அந்த நெருக்கடி வரவில்லை. ஏப்ரலில் நடந்த ராணுவப் புரட்சி முயற்சியை நசுக்கினார். 1980இல் பெர்பெராவை அமெரிக்காவுக்குத் திறந்துவிட்டு உதவி பெற்றார். அந்தப் பக்கம் மெங்கிஸ்துவும் எரித்திரிய, திக்ரேக் கிளர்ச்சியாளர்களோடு பேச வேண்டிய நேரத்தில் டாங்கிகளோடு பேசினார். 1984 செப்டம்பரில் வடக்கே மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருக்க, அடிஸ் அபாபாவில் புரட்சியின் பத்தாண்டு நிறைவு விழா நடந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வல்லரசுகள் வந்தது உண்மை. கொள்ளிக்கட்டையைக் கேட்டு வாங்கியவர்கள் வீட்டுத் தலைவர்கள் என்பதும் உண்மை. வெளியிலிருந்து துப்பாக்கி வந்துகொண்டிருக்கும்வரை, உள்ளே இருப்பவரின் ஒப்புதல் எந்த ஆட்சியாளருக்கும் தேவைப்படவில்லை. வல்லரசுப் போட்டி இந்நாடுகளுக்குச் செய்த ஆகப்பெரிய தீங்கு இதுதான் என்பது என் முடிவு.

1988 ஏப்ரலில் பாரேயும் மெங்கிஸ்துவும் சமாதானம் செய்துகொண்டு, ஒருவர் மண்ணில் இருந்த மற்றவரின் கிளர்ச்சியாளர்களைக் கைவிட்டார்கள். எத்தியோப்பியத் தளங்களை இழக்கவிருந்த பாரேவை எதிர்த்த சோமாலியத் தேசிய இயக்கத்தினர் மே மாதம் சோமாலியாவின் வடபகுதிக்குள் நுழைந்தனர். ஹர்கெய்சா மீது குண்டு விழுந்தது அதற்குப் பிறகுதான். 1991 ஜனவரியில் பாரே மொகதிஷுவை விட்டு ஓடினார். மே மாதம் மெங்கிஸ்து ஜிம்பாப்வேக்கு ஓடினார். பனிப்போர் வற்றியதும் இரண்டு ஆட்சிகளும் நான்கு மாத இடைவெளிக்குள் சரிந்தன.

இக்கருத்தரங்கின் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் சான்றுகளில் பெரும்பகுதி மாஸ்கோ, வாஷிங்டன் ஆவணங்கள். சோமாலியர் தங்கள் அரசியலைக் கவிதையில் விவாதித்தவர்கள். பாரேவால் ஐந்தாண்டு சிறைவைக்கப்பட்ட கவிஞர் ஹத்ராவியும், காரியேயும், வேறு பலரும் 1979-80இல் ஒருவருக்கொருவர் பாட்டில் விடைசொல்லித் தொடுத்த ‘தேலே’ என்ற தொடரில், எல்லா அடிகளும் ஒரே எழுத்தின் மோனையில் அமைந்தவை. ஒலிநாடாக்களில் பதிந்து கைக்குக் கை போயின. அந்த ஆட்சியைப் பற்றி அதன் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறெங்கே இருக்கிறது? மோனையின் சுவை அறிந்த நமக்கு அந்தக் கதவு மூடியிருக்கத் தேவையில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் ஆய்வாளர்களில் இருவராவது சோமாலியையோ அம்ஹாரிக்கையோ கற்றுக்கொண்டு அடுத்த கருத்தரங்கிற்கு வாருங்கள். அந்தக் கட்டுரைகளைக் கேட்க நான் முன்வரிசையில் இருப்பேன்.