கொட்டாங்குச்சிக் கரியும் சூரிய மின்கலமும்
உழவர் விழாவில் ஆற்றிய உரை



"சாயம் ஏற்றிய கண்ணாடியில் மின்சாரம் வருமாம், கொட்டாங்குச்சிக் கரி இருந்தால் மலிவாகச் செய்யலாமாம், பம்புசெட்டுக்கு அதை வாங்கலாமா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அதன் விவரத்தைக் கூறுகிறேன்.

இவ்வகை மின்கலத்தை 1991ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து பிரையன் ஓரீகன், மைக்கேல் கிராட்செல் என்ற விஞ்ஞானிகள் வெளியிட்டனர். இதில் இரண்டு கண்ணாடித் தகடுகள் உள்ளன. ஒன்றில் வெள்ளைப் பெயிண்டில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடைப் பூசி, அதில் சாயம் ஏற்றுவார்கள். இலைப் பச்சையத்தைப் போலச் சாயம் வெயிலை வாங்கி எலெக்ட்ரானை விடுகிறது. அது கம்பி வழியே சென்று எதிர்த்தகட்டை அடைகிறது. இடையிலுள்ள அயோடின் கரைசல் அதை வாங்கிச் சாயத்திடம் திரும்பச் சேர்க்கிறது.

எதிர்த்தகட்டில் இந்தக் கைமாற்றம் தாமதமின்றி நடக்கப் பிளாட்டினம் பூசினர். அது விலையுயர்ந்த உலோகம். 1996இல் கிராட்செலும் ஆண்ட்ரியாஸ் கே என்பவரும் அதற்குப் பதில் கரியைப் பூசிக் காட்டினர். கரியின் நுண்துளைகளால் பரப்பு பெருகுவதால் வேலை நடக்கிறது. பின்னர் கொட்டாங்குச்சி, நெல் உமி ஆகியவற்றின் கரியும் ஆராயப்பட்டன.

ஆனால் அடுப்புக்கரி இதற்கு உதவாது. காற்றுப் படாமல் மிகுந்த வெப்பத்தில் சுட்டு, நுண்துளை உண்டாக்கிய கரி வேண்டும். பூச்சு உதிராமலும் இருக்க வேண்டும். கரி மலிவு என்பதால் மின்கலமே மலிவாகிவிடாது. மின்கடத்தும் கண்ணாடிக்கும் சாயத்திற்கும் செலவு உண்டு. கரைசல் கசிந்தால் ஆயுளும் குறையும்.

இன்று சந்தையிலுள்ள நல்ல சிலிக்கான் தகடுகள் விழும் வெயிலில் 20 சதத்திற்கு மேல் மின்சாரமாக்குகின்றன. சாய மின்கலமோ ஆராய்ச்சிக்கூடத்திலேயே 15 சதத்தை ஒட்டித்தான் எட்டியுள்ளது.

ஆகவே பம்புசெட்டுக்குச் சிலிக்கான் தகட்டையே வாங்குங்கள். சாயத் தகடு தருவதாகக் கூறுவோரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கொட்டாங்குச்சியையும் வீணாக்காதீர்கள். குடிநீரைச் சுத்திகரிக்கவும் தங்கத்தைப் பிரித்தெடுக்கவும் அதன் கரி இன்றும் தேவைப்படுகிறது. முற்றிய காயின் ஓட்டை நார், மண் நீக்கி, நன்கு உலர்த்தி விற்பனை செய்யுங்கள். கிணற்றருகே குழி வெட்டிக் கரி சுடாதீர்கள். தணிக்க ஊற்றும் நீர் இறங்கினால் கிணற்று நீர் கெடும்.

நாளைய மின்கலம் வரும்போது வரட்டும். இன்றைய வருவாயைக் கைவிடாதீர்கள்.